நடுவிலிருந்து வாசித்தல்

2023ஆம் ஆண்டு கலைத் திருவிழாவுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு எங்கள் பள்ளியில் என்னிடம் வந்தது. நான் தமிழாசிரியர். நாடகம், பேச்சு, கவிதை என்றால் பயமில்லை. இசைக்கருவி என்ற வரியைப் பார்த்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஆனால் அலுவலக அலமாரியில் முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்த கீபோர்டு ஒன்று உறையோடு கிடந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைத் துடைத்து எடுத்து வந்தாள்.

“டீச்சர், இதைக் கத்துக்கொடுங்க.”

“எனக்கே தெரியாதேம்மா.”

“புக்கு பார்த்துக் கத்துக்கலாமே டீச்சர். நீங்கதான் எங்ககிட்ட அப்படிச் சொல்வீங்க.”

அந்த ஆண்டு எனக்கு வயது நாற்பத்து நான்கு. அவள் சொன்னது மனத்தில் தைத்தது. அடுத்த முறை சென்னை சென்றபோது பெரியவர்கள் பியானோ கற்பதற்கான பாடநூல் ஒன்றை வாங்கினேன். ஆல்ஃபிரட் நிறுவனம் வெளியிட்டது. வில்லர்ட் பால்மர், மார்ட்டன் மேனஸ், அமண்டா விக் லெத்கோ மூவரும் சேர்ந்து எழுதியது. பாடம், இசைக் கோட்பாடு, விரல் பயிற்சி மூன்றும் ஒரே நூலில் அடுத்தடுத்து வரும். அந்த நூலோடு நான் பட்ட பாட்டையும், அது என் வகுப்பறையை எப்படி மாற்றியது என்பதையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதல் பத்துப் பக்கங்கள்

நூலின் தொடக்கப் பக்கங்களில் பாட்டே கிடையாது. நாற்காலியின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும், முழங்கை எங்கே நிற்க வேண்டும் என்று தொடங்குகிறது. பிறகு விரல்களுக்கு எண். இரு கைகளிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. அடுத்து, கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் மாறி மாறி நிற்பதைக் கவனிக்கச் சொல்கிறது. இரட்டைக் கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை ‘சி’. பியானோவில் 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. எங்கள் பள்ளிக் கீபோர்டில் 61. அதில் ‘சி’ மட்டும் ஆறு இடங்களில் வரும். 61 கட்டைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பன்னிரண்டின் அமைப்பு தெரிந்தால் போதும், மீதியெல்லாம் அதன் மறுபடி.

நான் என்ன செய்தேன்? “இதெல்லாம் ஒரு முறை படித்தால் புரிகிறதே” என்று அந்தப் பக்கங்களை ஒரே மாலையில் தாண்டிவிட்டு, தெரிந்த மெட்டு ஒன்று வரும் பக்கத்துக்குப் போனேன். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் வரும் மகிழ்ச்சிப் பாடலின் மெட்டு அது. உலகெங்கும் தொடக்கநிலை நூல்கள் அதை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அதன் முதல் வரி முழுவதையும் கையை நகர்த்தாமல் ஐந்து விரல்களால் வாசித்துவிடலாம். சுரங்கள் பெரும்பாலும் பக்கத்துப் படிக்கே ஏறி இறங்கும்.

மெட்டு என் காதில் இருந்தது. விளக்கம் மனத்தில் இருந்தது. விரலில் எதுவும் இல்லை. மோதிர விரலை மட்டும் அழுத்தப் பார்த்தால் சுண்டுவிரலும் கூடவே இறங்கியது. ஒரு வாரம் போராடிவிட்டு முதல் பக்கத்துக்கே திரும்பினேன்.

புரிந்துவிட்டது என்பதற்கும் செய்ய வருகிறது என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். குழந்தைக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதற்குப் புரிவதும் செய்வதும் சேர்ந்தே வளர்கின்றன. நமக்கோ அறிவு முன்னே ஓடிவிடுகிறது, கை பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. “சொன்னா புரியுதுல்ல, அப்புறம் ஏன் எழுத வரல?” என்று எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன் என்பது அந்த வாரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

எழுத்து முறையும் சொல் முறையும் இங்கும் உண்டு

பி.எட். படித்தபோது வாசிப்பு கற்பிக்கும் முறைகளை எழுத்து முறை, சொல் முறை, சொற்றொடர் முறை என்று தேர்வுக்காகப் படித்தோம். பியானோ பாடநூல்களின் வரலாற்றிலும் ஏறக்குறைய இதே விவாதம் நடந்திருப்பதை அறிந்தபோது வியப்பாக இருந்தது.

முதலாவது, நடுச் ‘சி’ முறை. இரு கட்டைவிரல்களையும் நடுவிலுள்ள ‘சி’ கட்டையில் வைத்து, அங்கிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு சுரமாகக் கூட்டிக்கொண்டே போவது. 1936இல் ஜான் தாம்சன் வெளியிட்ட சிறுவர் நூல் இம்முறையைப் பரவலாக்கியது. இது நம் எழுத்து முறையைப் போன்றது: இன்று ஓர் எழுத்து, நாளை அடுத்தது.

இரண்டாவது, அடையாளச் சுர முறை. 1955இல் ஃபிரான்சிஸ் கிளார்க் இதை முன்வைத்தார். கோடுகளில் சில சுரங்களை மட்டும் மைல்கற்களாக நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை அவற்றிலிருந்து எத்தனை படி மேலே, எத்தனை படி கீழே என்று இடைவெளியைக் கொண்டு வாசிப்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் பெயர் சொல்லிக்கொண்டிராமல் அவற்றின் வடிவத்தைப் பார்ப்பது. ‘அ-ம்-மா’ என்று கூட்டாமல் ‘அம்மா’ என்று ஒரே பார்வையில் பிடிப்பதைப் போல.

மூன்றாவது, ஒரே மெட்டைத் தொடக்கத்திலிருந்தே பல சுருதிகளில் வாசிக்கப் பழக்கும் முறை. ராபர்ட் பேஸ் இதை வலியுறுத்தினார்.

இன்றைய நூல்கள் பெரும்பாலும் மூன்றையும் கலந்தே தருகின்றன. நாமும் எழுத்து முறையா, சொல் முறையா என்று வாதாடிவிட்டு வகுப்பில் இரண்டையும் கலந்துதானே கற்பிக்கிறோம்? ஒரு முறையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை என் கையாலேயே கண்டேன். அதுதான் இக்கட்டுரையின் மையம்.

பென்சிலால் எழுதிய சுரங்கள்

ஐந்து கோடுகளில் புள்ளிகளைப் பார்த்து வாசிப்பது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. எனவே ஒவ்வொரு புள்ளியின் கீழும் பென்சிலால் அதன் பெயரை எழுதிக்கொண்டேன். சில பாடங்களில் விரல் எண்ணைப் பார்த்து வாசித்தேன். நான்கைந்து நாள் வாசித்ததும் அதுவும் தேவைப்படவில்லை, மெட்டு மனப்பாடமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே வாசிப்பேன். இரண்டு மாதத்தில் இருபது பக்கம் கடந்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன்.

தேவாலயம் ஒன்றில் பல ஆண்டுகள் ஆர்கன் வாசித்த பெரியவர் ஒருவரைக் காஞ்சிபுரத்தில் சந்தித்தபோது என் சாதனையை வாசித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு புத்தகத்தில் ஐந்தாவது பாரின் மேல் விரலை வைத்து, “இங்கேருந்து வாசிங்கம்மா” என்றார்.

என்னால் முடியவில்லை. தலையிலிருந்து தொடங்கினால் தானாக ஓடும். நடுவில் நிறுத்தினால் அது என்ன சுரம் என்றே தெரியவில்லை. இருபது பக்கமும் நான் வாசிக்கவே இல்லை, ஒப்பித்திருக்கிறேன்.

பேருந்தில் திரும்பி வரும்போது ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் முகம் நினைவுக்கு வந்தது. பாடத்தைக் கணீரென்று வாசிப்பவன். வாய்மொழி வாசிப்பில் அவனுக்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தேன். எழுத்துத் தேர்வில் மட்டும் தாள் வெறுமையாக இருக்கும். “சோம்பேறி” என்று வகுப்பில் வைத்தே சொல்லியிருக்கிறேன். மறுநாள் அவனை அருகில் அழைத்து, பாடத்தின் மூன்றாம் பத்தியில் ஒரு வரியைக் காட்டி, “இங்கேருந்து வாசி கண்ணா” என்றேன். அவன் புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

பக்கத்து மாணவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்து வந்திருக்கிறான். எவ்வளவு உழைப்பு! சோம்பேறியால் முடிகிற காரியமா அது? 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவன் இரண்டாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே கழிந்தது. 2021 நவம்பரில் தொடக்க வகுப்புகள் திறந்தபோது நான்காம் வகுப்பில் உட்கார்ந்தான். 2022இல் எண்ணும் எழுத்தும் இயக்கம் தொடங்கியபோது அது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமானது. அவன் அதையும் கடந்திருந்தான். இடையில் விழுந்த பள்ளத்தை அவனே தன் நினைவாற்றலால் மூடி மறைத்திருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பியானோ புத்தகம் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தறியில் கேட்ட பாடம்

நூலின் அடுத்த மலை, இரு கைகளையும் சேர்த்து வாசிப்பது. வலக்கை தனியாக வரும். இடக்கை தனியாக வரும். சேர்த்தால் இரண்டும் நின்றுவிடும். எங்கள் பிள்ளைகளில் சிலர் வீட்டில் பட்டுத் தறி உண்டு. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த நெசவாளர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“தறியில குந்துன புதுசுல எங்களுக்கும் இதேதான் டீச்சர். காலு மிதிச்சா கை மறந்துடும், கை ஓட்டுனா காலு மறந்துடும். மெதுவா ஓட்டணும். அவசரப்பட்டா இழை அறுந்துடும், அறுந்ததைப் பிணைக்கிற நேரத்துல ஒரு முழம் நெய்யலாம்.”

காஞ்சிப் பட்டின் கோர்வை முறையை எண்ணிப் பாருங்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தனித்தனி நாடாக்கள் ஓடி, கரையும் உடலும் சேரும் இடத்தில் ஊடைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள வேண்டும். அதற்காகத் தறியில் துணைக்கு இன்னொருவரும் உட்காருவார். பூ வேலைப்பாட்டுக்கு முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். அதைப் பார்த்து அட்டைகளில் துளையிடுகிறார்கள். ஜக்கார்டு பெட்டியில் ஏறும் ஒவ்வொரு அட்டையும் அந்த ஓட்டத்துக்கு எந்தெந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று சொல்கிறது. கட்டத்தாளையும் இசைக்குறிப்புத் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் மேலும் கீழுமான இடம் ஒன்றைச் சொல்கிறது. இடமிருந்து வலமோ அடுத்தடுத்த வரியோ காலத்தைச் சொல்கிறது. இசைக்குறிப்பை இதன்பின் நான் அந்நியமாக நினைக்கவில்லை.

நெசவாளர் சொன்னபடி வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். நான்கு பார் மட்டும். வலக்கை, இடக்கை, பிறகு இரண்டும். பிழை வராத வேகம் எதுவோ அதுவே என் வேகம். பதினைந்து நாளில் கைகள் சேர்ந்தன.

நம் மண்ணின் பாடநூல்

படிப்படியான பயிற்சி நூல் என்பது மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்கு அன்று. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று கர்நாடக இசையில் நாம் கற்பிக்கும் வரிசை புரந்தரதாசர் வகுத்ததாக மரபு சொல்கிறது. தொடக்கப் பயிற்சிக்கு மாயாமாளவகௌளை ராகத்தைத் தேர்ந்ததிலும் கற்பித்தல் நுட்பம் இருக்கிறது. ‘ச ரி க ம’ என்ற முதல் பாதியில் உள்ள இடைவெளிகளே ‘ப த நி ச’ என்ற மறுபாதியிலும் அப்படியே வருகின்றன. பாதி கற்றால் முழுவதும் கற்ற மாதிரி. இடைவெளிகளில் சிறியதும் பெரியதும் தெளிவாக வேறுபடுவதால் காதுக்கும் பிடிபடும். கீபோர்டில் வாசித்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். ஒரே பாடத்தை மூன்று காலங்களில் பாடவைப்பதும் இந்த மரபில் உண்டு.

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்த்தோக் 1926 முதல் 1939 வரை எழுதிய ‘மைக்ரோகாஸ்மாஸ்’ ஆறு தொகுதிகள், 153 சிறு பாடங்கள் கொண்டது. அதன் முதல் பாடங்களில் இரு கைகளும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். எளியதிலிருந்து கடினத்துக்கு என்ற நம் கற்பித்தல் விதியை இரு மரபுகளும் தத்தம் வழியில் கண்டிருக்கின்றன.

வயது கடந்து தொடங்குவதைப் பற்றியும் ஒன்று. இளையராஜா 1968இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பல ஆண்டுகள் இசைத்த கை அது. ஆயினும் இன்னொரு மொழியைக் கற்க மாணவராக உட்கார்ந்தார். தெரிந்த கையோடு தெரியாத பாடத்தில் அமர்வதற்குத் தனிப் பணிவு வேண்டும். ஆசிரியர்களாகிய நமக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது.

ஒரே பக்கத்தில் ஐந்து வாரம்

ஐந்தாவது மாதம் ஒரே பக்கத்தில் நின்றேன். எவ்வளவு பயிற்சி செய்தும் முன்னேற்றமில்லை. நாம் உளவியலில் படித்த ‘தேக்க நிலை’தான் இது. 1897இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்திக் குறியீடு கற்பவர்களை ஆராய்ந்து இதை விளக்கினர். எழுத்து எழுத்தாகக் கேட்பவர் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்குமுன் கற்றல் வளைகோடு சில காலம் தட்டையாகக் கிடக்கிறது. கீழ்ப்படித் திறன் தானாக நிகழும் அளவுக்கு ஊறியபின் மீண்டும் எழுகிறது என்பது அவர்கள் கருத்து. எல்லாருக்கும் எல்லாத் திறனிலும் இப்படித் தேக்கம் வருவதில்லை என்று பின்வந்தோர் காட்டினர். எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்பதை விட்டு, தினமும் பதினைந்து நிமிடம் என்று மாற்றினேன். ஆறாவது வாரத்தில் புள்ளிகளைத் தனித்தனியாக அல்லாமல் கூட்டமாகப் பார்க்கிறேன் என்பது ஒரு காலையில் திடீரென்று புலப்பட்டது.

இடைவெளி விட்டுச் செய்யும் பயிற்சியின் பயனை எபிங்ஹாஸ் 1885லேயே எழுதிவிட்டார். அதைத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய நான், கடைப்பிடிக்க இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.

பாட்டியின் பென்சில்

எங்கள் பள்ளியில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையம் மாலையில் நடந்தது. நூறுநாள் வேலைக்குப் போகும் பாட்டி ஒருவர் தவறாமல் வருவார். தன்னார்வலர் ‘அ’ எழுதச் சொன்னால் பென்சில் நழுவும். “மனசுக்குத் தெரியுது டீச்சர், வெரலு பேச்சக் கேக்கல” என்றார். முன்பென்றால் “பழகிடும் ஆயா” என்று நகர்ந்திருப்பேன். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் விரலும் கேட்பதில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. டீச்சருக்கு எழுத வராதா என்ன!

வயதுவந்தோர் கற்றலைப் பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ், இதை ஏன் கற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் பெரியவர்கள் கற்பார்கள் என்கிறார். எனக்கு அந்த மெட்டு வேண்டியிருந்தது. பாட்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். “பஸ்ஸு போர்டு படிக்கணும். வாலாஜாபாத் வண்டின்னு நெனச்சு வேற வண்டியில ஏறிடறேன்.” அன்று முதல் அவருக்கு முதற்பாடம் ‘வாலாஜாபாத்’. கற்பித்தல் விதிப்படி பார்த்தால் தொடக்கத்துக்கு ஏற்ற சொல்லே அன்று. ஆனால் நான்கு முறை வரும் ‘ஆ’காரக் காலை அவரே கண்டுபிடித்தார். பத்து நாளில் அந்தச் சொல்லைப் பலகையில் அடையாளம் காட்டினார். பிறகு மற்ற எழுத்துகளுக்கு அவராகவே வந்தார்.

வகுப்பில் நான் மாற்றிக்கொண்டவை

1. வாசிப்பைச் சோதிக்கும்போது பாடத்தின் நடுவிலிருந்து ஒரு வரி, புதிய பத்தியிலிருந்து ஒரு வரி. தனியாக, மற்றவர் காதில் விழாமல்.

2. ஊன்றுகோல்களுக்குத் தடையில்லை. புள்ளியின் கீழ் பெயர் எழுதியது போல, பிள்ளைகள் விரல் வைத்து வாசிக்கட்டும், எழுத்துக் கூட்டட்டும். ஆனால் அதை எப்போது எடுக்கிறோம் என்று குறித்துக்கொள்கிறேன். என் நூலில் வாரம் ஒரு பாடத்தில் பென்சில் எழுத்தை அழித்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் அழிக்கவில்லை.

3. முழுப் பாடமும் பத்து முறை என்ற வீட்டுப்பாடத்துக்குப் பதில், தடுக்கும் நான்கு வரி, நாள்தோறும் மூன்று முறை.

4. “இவ்வளவு எளிது” என்ற சொல்லை விட்டுவிட்டேன். எளிது என்று சொல்லப்பட்டது வராதபோது உண்டாகும் கூச்சத்தை அறிந்துகொண்டேன்.

5. பிழை வந்த இடத்தில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. அப்படிச் செய்தால் முதல் வரி மட்டுமே நன்றாக வரும். பிழைக்கு முந்தைய சொல்லிலிருந்து தொடங்குகிறோம்.

நூல் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். என் மணிக்கட்டு தாழ்ந்திருந்ததை நூலால் பார்க்க முடியவில்லை. அந்தப் பெரியவர்தான் பார்த்தார். நான் ஒப்பிக்கிறேன் என்பதும் நூலுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை அது. பாடநூல் அடுத்த பக்கத்தைக் காட்டும். கற்பவர் எந்தப் பக்கத்தில் உண்மையில் நிற்கிறார் என்பதை ஆசிரியரே காண முடியும்.

அந்த மாணவன் இப்போது எட்டாம் வகுப்பு. தனியாகக் கொடுத்த ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் மெதுவாக, விரல் வைத்து, உண்மையாகவே வாசிக்கிறான். பழைய கணீர்க் குரல் போய்விட்டது. அது எனக்கு வருத்தமில்லை. நான் நூலின் முதல் பாகத்தை இன்னும் முடிக்கவில்லை. சில நாள்களுக்கு முன் பள்ளி முடிந்தபின் கீபோர்டில் ஒரு பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்தேன். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் உள்ளே வந்து, புத்தகத்தின் நடுவில் விரலை வைத்தான்.

“இங்கேருந்து வாசிங்க டீச்சர்.”

இரண்டு இடத்தில் தடுமாறினேன். வாசித்துவிட்டேன்.